ஸ்டென்ட்: பித்தநாளத்துக்குள் ஒரு தாங்குகுழல்

மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கு உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கமிருந்து அடைப்புக் காமாலையோடு (கல்லீரலிலிருந்து குடலுக்குப் பித்தம் போகும் பித்தநாளம் அடைபட்டு வரும் காமாலை) வருகிறவர்களிடம் என்ன செய்தார்கள் என்று கேட்டால், "எண்டோஸ்கோப்பி பண்ணி டியூப் வச்சிருக்காங்க" என்பார்கள். அந்த டியூப்தான் ஸ்டென்ட். அது எந்த வகை என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது, கவலை அங்கேதான்.

சொல்லின் கதையை முதலில் பார்த்துவிடலாம். இது ஓர் ஆளின் பெயர் என்பதே பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். சார்லஸ் ஸ்டென்ட் 19ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பல் மருத்துவர், பல் அச்செடுக்க ஒரு நல்ல கலவையை உருவாக்கியவர். முதல் உலகப் போர்க் காலத்தில் எஸ்ஸர் என்ற டச்சு அறுவை மருத்துவர், காயத்தில் ஒட்டிய தோல் நகராமல் பிடித்து வைக்க அந்தக் கலவையைப் பயன்படுத்தினார். அப்புறம் 'பிடித்து நிறுத்துவது' என்ற பொருள் சொல்லில் படிந்து, உடம்பின் குழாய்களைத் திறந்தபடி தாங்கும் குழலுக்கும் அதுவே பெயராகிவிட்டது.

ஆள் பெயரை மொழிபெயர்க்க முடியாது, செய்யும் வேலையை வைத்துத்தான் தமிழில் பெயரிட வேண்டும். 'அடைப்பு நீக்கி' என்றால் தவறு, ஏனென்றால் கல்லும் கட்டியும் இருந்த இடத்திலேயே இருக்க, நடுவே பித்தம் வடிய வழியைத் தாங்கிப் பிடிப்பதுதான் இதன் வேலை. அதனால் 'தாங்குகுழல்' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. டாக்டரிடம் ஸ்டென்ட் என்றே கேளுங்கள், அதில் குறையில்லை.

ஆனால் எந்தத் தாங்குகுழல் என்று கட்டாயம் கேளுங்கள். பிளாஸ்டிக் குழல் விலை குறைவு, எளிதில் எடுத்துவிடலாம், கல் போன்ற தற்காலிகத் தேவைக்குப் பொருந்தும். வழக்கமாக வைக்கும் 10 பிரெஞ்ச் (குழலின் விட்டத்தைக் குறிக்கும் அலகு) அளவு என்பது 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கிருமிப்படலமும் பித்தக் கசடும் சேர்ந்து சுமார் 3 மாதத்தில் அது அடைக்கத் தொடங்கும் என்பதால் எடுக்கவோ மாற்றவோ வேண்டும். உலோக வலைக்குழல் ஒடுங்கிய நிலையில் உள்ளே போய், தானே விரிந்து 8 முதல் 10 மில்லிமீட்டர் வரை அகலமாகும். விலை கூடுதல், நெடுநாள் நிற்கும், அதனால் அறுவைக்கு வழியில்லாத புற்றுநோய் அடைப்பில் இதையே பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறார்கள். அதிலும் உறை இல்லாத வலைக்குள் திசு வளர்ந்து பின்னிக்கொண்டால் திரும்ப எடுப்பது மிகவும் கடினம், எனவே புற்றுநோய்தானா என்று உறுதியாகாமல் அதை வைக்கத் தயங்குவார்கள். உறையிட்டதை எடுக்கலாம், ஆனால் அது இடம் நழுவக்கூடும்.

காமாலை தெளிந்ததும் ஊருக்குப் போய் பிளாஸ்டிக் குழலையே மறந்துவிடுகிறவர்களை நினைத்தால் உண்மையிலேயே பயமாக இருக்கிறது. குழல் வகை, எடுக்க வேண்டிய தேதி இரண்டையும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். குளிர்நடுக்கத்தோடு காய்ச்சல், மறுபடி கண் மஞ்சள் என்றால் குழல் அடைத்துப் பித்தநாளத்தில் தொற்று ஏறியிருக்கலாம். அந்த நேரத்தில் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்காமல், ராத்திரியானாலும் வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.