முதலில் பிறந்த தேதி, அப்புறம் தலைப்பு

என்னிடம் உளவியலில் பிஎச்.டி. சேர வருகிறவர்கள் தலைப்போடுதான் வருகிறார்கள். மனச்சோர்வு, கைபேசிப் பழக்கம், தேர்வு பயம் என்று ஏதாவது ஒன்று. நான் முதலில் கேட்பது பிறந்த தேதியை. "ஜாதகம் பார்க்கிறீங்களா சார்?" என்று ஒரு பெண் சிரித்தேவிட்டார். இல்லையம்மா, ஜே.ஆர்.எஃப். பார்க்கிறேன் என்றேன்.

உளவியலில் முழுநேர ஆய்வு செய்கிறவருக்கு மாதாமாதம் சோறு போடுவது பெரும்பாலும் யு.ஜி.சி. (பல்கலைக்கழக மானியக் குழு) நெட் தேர்வு வழியாக வரும் அந்த ஜே.ஆர்.எஃப்., அதாவது இளநிலை ஆய்வு உதவித்தொகைதான். 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். இரண்டு ஆண்டு கழித்து எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) என்று உயர்ந்தால் 42,000. ஆண்டுக்கு இரண்டு முறை தேர்வு. தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. படிப்பை முடித்து, ஒரு பள்ளியில் கவுன்சலராக இருந்துவிட்டு, கல்யாணமும் முடிந்து, சரி, இனி எழுதலாம் என்று வரும்போது வயது போய்விடுகிறது. ஜே.ஆர்.எஃப். வயது வரம்பு 30. பெண்களுக்கும், ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகளுக்கும் ஐந்து ஆண்டு தளர்வு உண்டு.

இந்த ஓ.பி.சி. என்ற இடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். கையில் இருக்கும் சாதிச் சான்றிதழில் பி.சி. என்றோ எம்.பி.சி. என்றோ இருக்கும். அது மாநில அரசு விஷயங்களுக்குத்தான் செல்லுபடியாகும். மத்திய அரசின் தேர்வுக்கு, 'கிரீமிலேயர் அல்லாதவர்' (வசதி படைத்த பிரிவில் வராதவர்) என்று குறிப்பிடும் ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாசில்தார் கையெழுத்தாகி வர நாளாகும். என் மாணவர் ஒருவர் நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு, லேமினேட் செய்த எம்.பி.சி. அட்டையை மட்டும் வைத்துக்கொண்டு நின்றார். அவசரமாக வாங்கிய சான்றிதழின் தேதி, அறிவிப்பில் கேட்டிருந்த காலத்துக்குள் வரவில்லை. படித்தது ஆறு மாதம், போனது ஒரு காகிதத்தால்.

நெட் கைகூடாவிட்டால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம்) இருக்கிறது. பிஎச்.டி. பதிவு செய்தபின் விண்ணப்பிக்கும் ஃபெல்லோஷிப் அது தருவது. மாதம் 20,000 ரூபாய், அதோடு ஆண்டுக்கு 20,000 செலவுத்தொகை. இங்கே ஆய்வுத் திட்டத்தை வாசித்துத்தான் எடுக்கிறார்கள். வாசிப்பவரும் உளவியல்காரராகவே இருப்பார் என்று நம்பி எழுதாதீர்கள். தமிழ்நாட்டு ஆதிதிராவிடர், பழங்குடியின முழுநேர ஆய்வாளர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் தருகிறது. ஒரே நேரத்தில் இரண்டு ஃபெல்லோஷிப் வாங்க முடியாது.

பணம் வந்தாலும் அது கரையும் இடம் ஒன்று உண்டு: சோதனைத் தாள்கள். மனச்சோர்வை அளக்க எல்லாரும் பெக் அளவுகோலைத்தான் எழுதிக்கொண்டு வருவார்கள். அது பதிப்புரிமை உள்ளது, விலைக்குத்தான் வாங்க வேண்டும். ஜெராக்ஸ் எடுத்து ஓட்டுவதை நான் அனுமதிப்பதில்லை. 300 பேரிடம் தகவல் திரட்டுகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். மனச்சோர்வை அளக்கும் இன்னொரு வினாத்தாளான பி.எச்.க்யூ-9 இலவசம், அனுமதிகூட வேண்டாம், தமிழிலும் கிடைக்கிறது. ஆனால் அதன் ஒன்பதாவது கேள்வி தற்கொலை எண்ணம் பற்றியது. அதற்கு 'சில நாட்கள்' என்றாவது குறிக்கிறவரை எங்கே அனுப்புவீர்கள் என்பதைத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

அன்று சிரித்த பெண்ணுக்கு 33 முடிந்து சில மாதம். விரல்விட்டு எண்ணினால் மூன்று தேர்வுகள்தான் பாக்கி. தலைப்பை மூடிவைத்துவிட்டுப் படிக்க உட்கார்ந்தார். இரண்டாவது முறையில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தது. தலைப்பை மட்டும் இன்னும் மாற்றிக்கொண்டே இருக்கிறார்.