தோற்றோர் இசைவு: சொல் விளக்கம்

தேர்தலில் தாம் ஆதரித்த கட்சி தோற்றுவிட்ட நிலையிலும், அந்த முடிவைத் தந்த முறையையும் அதன்வழி அமையும் ஆட்சியையும் வாக்காளர்கள் ஏற்றுக்கொள்வதே ‘தோற்றோர் இசைவு’. அரசியல் அறிவியலார் ஆங்கிலத்தில் ‘லூசர்ஸ் கன்சென்ட்’ என்று வழங்குவது இதைத்தான்.

‘கன்சென்ட்’ என்னும் சொல்லின் இலத்தீன் மூலத்துக்கு ‘உடன் உணர்தல்’ என்பது நேர்ப்பொருள். தமிழில் ‘ஒப்புதல்’ என்றால் அரசாணை வாடை வீசுகிறது. ‘சம்மதம்’ என்றாலோ விருப்பமும் சேர்ந்துகொள்கிறது. ‘இசைதல்’ உடன்படுதலை மட்டும் குறிப்பதால் அதுவே பொருத்தம். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அதிபர் தேர்தலில், நாடு முழுவதும் கூடுதல் வாக்குகள் பெற்றும் புளோரிடா மாநிலத்தில் 537 வாக்குகளில் பின்தங்கியதால் தோற்ற வேட்பாளர் அல் கோர், அங்கு மறுஎண்ணிக்கையை நிறுத்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் தமக்குக் கடும் கருத்து வேறுபாடு உண்டு, ஆயினும் அதை ஏற்கிறேன் என்று அறிவித்தார். விருப்பமில்லாத இசைவு அது.

இதை ‘மக்களாட்சி நிறைவு’ என்பதோடு குழப்பக் கூடாது. நாட்டில் மக்களாட்சி செயல்படும் விதம் எவ்வளவு நிறைவளிக்கிறது என்று யூரோபாரோமீட்டர் போன்ற கருத்தாய்வுகள் பல்லாண்டுகளாகக் கேட்டு வருகின்றன. ஆளுங்கட்சிக்கு வாக்களித்தவர்களே பொதுவாகக் கூடுதல் நிறைவு தெரிவிக்கிறார்கள். ஆட்சிப் பொறுப்பு பல கட்சிகளிடையே பகிரப்படும் நாடுகளில் இந்த வேறுபாடு குறுகுகிறது.

நிறைவு வற்றினால் இசைவும் தளரும் என்பதற்கு நியூசிலாந்து நல்ல சான்று. அங்கு 1978, 1981 ஆகிய இரு தேர்தல்களிலும் தொழிற்கட்சியே அதிக வாக்குகள் பெற்றது. தொகுதிகளை அதிகம் வென்ற தேசியக் கட்சியோ ஆட்சியில் நீடித்தது. 1981இல் சோசியல் கிரெடிட் கட்சிக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு வாக்குகள் விழுந்தும், 92 உறுப்பினர் கொண்ட மன்றத்தில் கிடைத்தவை இரண்டே இடங்கள். ஐந்தில் ஒருவர் அளித்த வாக்குக்கு இவ்வளவுதான் மதிப்பு என்றால், அவர்களிடம் இசைவை எதிர்பார்ப்பது நியாயமாகுமா? 1986இல் அரச ஆணையம், கட்சிகள் பெறும் வாக்குகளின் அளவுக்கேற்ப இடங்கள் தரும் விகிதாசாரம் கலந்த முறையைப் பரிந்துரைத்தது. 1993 பொதுவாக்கெடுப்பில் மக்கள் அதைத் தேர்ந்தெடுத்தனர். 1996இல் முதல் தேர்தல் அம்முறையில் நடந்தது. தோற்றவர்களைப் பொறுத்துப்போகச் சொல்லாமல், தோல்வியை அளக்கும் முறையையே அந்நாடு மாற்றியமைத்தது.