மேலே அடங்கிய கடல், அடியில் கலங்கும் கடல்

தாழமுக்கம் கடந்து மூன்றாம் நாள். முல்லைத்தீவுக் கரையில் வெயில் பளிச்சென்று அடித்தது. வாடைக்காற்று ஓய்ந்து, கடல் எண்ணெய் தடவினாற்போல் கிடந்தது. விடியவே தூண்டிலோடு போன பெரியப்பாவுக்கும் எனக்கும் பத்து மணிவரை அகப்பட்டது இரண்டே இரண்டு கெளுத்தி. இரைக்கு வாங்கிய இறாலின் காசுகூடத் தேறவில்லை.

"மேலதான் அடங்கியிருக்கு தம்பி, அடியில இன்னும் கலங்குது" என்றார் பெரியப்பா.

அவர் சொன்னது அப்படியே பௌதிகம். அலையின் ஆட்டம் அதன் நீளத்தில் ஏறத்தாழப் பாதி ஆழம்வரை தண்ணீருக்குள் எட்டும். உள்ளூர்க் காற்று எழுப்பும் சிற்றலை 3 விநாடிக்கு ஒன்றாக வந்தால் அதன் நீளம் சுமார் 14 மீற்றர். 7 மீற்றருக்குக் கீழே அமைதிதான். ஆனால் வங்காள விரிகுடாவின் நடுவில் சுழன்ற காற்று அனுப்பும் நெட்டலை 10 விநாடிக்கு ஒருமுறை வரும். ஆழ்கடலில் அதன் நீளம் 150 மீற்றருக்கு மேல். உயரம் குறைவென்பதால் கரையில் நிற்பவர் கண்ணில் எளிதில் படாது. அடித்தரையையோ விடாமல் தேய்த்துக்கொண்டிருக்கும். காற்று நின்று நாள்கள் ஆனாலும் இந்த அலை நிற்காது.

கிளம்பிய மண் எப்போது படியும்? மெல்லிய மணல் 2 மீற்றர் ஆழத்தைச் சில நிமிடங்களில் கடந்து தரையில் உட்கார்ந்துவிடும். களித்துகள் வேறு கதை. ஒரு மில்லிமீற்றரில் ஐந்நூறில் ஒரு பங்கு அளவுள்ள துகள், அசையாத தண்ணீரிலேயே நாளைக்கு ஒரு அடிதான் இறங்கும்! நல்லவேளையாக உப்பு கைகொடுக்கிறது. களித்துகள்கள் ஒரே வகை மின்னேற்றம் கொண்டிருப்பதால் நன்னீரில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கும். கடல்நீரின் உப்பு அந்தத் தள்ளலை அடக்க, அவை திரண்டு கனத்து இறங்கிவிடும். வெள்ளநீர் கடலில் கலக்கும் இடத்தில் செம்மண் நிறம் ஒரு கோட்டோடு மங்குவதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, கலங்கினால் மீனுக்கென்ன? சீலாவும் பாரையும் கண்ணால் பார்த்துத் துரத்தும் இனங்கள். இரை தெரியாத தண்ணீரில் அவற்றுக்கு வேலையில்லை. தெளிந்த நீர் தேடி வெளியே போய்விடும். கெளுத்திக்குக் கலங்கல் ஒரு பொருட்டே அல்ல. மீசையாலேயே சுவை பார்த்து இரை தேடும் பிராணி அது. அதனால்தான் எங்கள் பையில் அது மட்டும் கிடந்தது. (அதன் முள் குத்திய கடுகடுப்பு மாலைவரை என் விரலை விடவில்லை.)

இதோடு மழைவெள்ளமும் சேர்கிறது. பேராற்றுத் தண்ணீர் நந்திக்கடல் களப்பை நிரப்ப, வட்டுவாகல் பக்கம் அது கடலோடு சேரும் தொடுவாய் திறந்தால் நன்னீர் கடலின்மேல் படலமாய்ப் பரவும். கடல்நீரில் லீற்றருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். அது சட்டென்று குறைவதைத் திரளியும் கொடுவாவும் தாங்கும், பல மீன்கள் தாங்கா. களப்பில் வளர்ந்த இறாலோ இந்த வெள்ளத்தோடுதான் கடலுக்கு இறங்கும். தூண்டிற்காரனுக்கு வெறும் நாளாகப் போவது தொடுவாயில் வலை வீசுபவனுக்கு அறுவடை.

பெரியப்பா தங்கூசி நூலைச் சுற்றி வைத்துவிட்டு, வீச்சுவலையை எடுக்க வாடிக்கு நடந்தார்.