எழுதி எழுதி அழிக்கும் பிள்ளைக்கு அரசு தருவது என்ன?

இலங்கையில் ஓ.சி.டி. (ஒரே எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் நிலை) என்றோ ஏ.டி.எச்.டி. (கவனக் குறைபாடும் மிகைத் துடிதுடிப்பும்) என்றோ பெயர் போட்ட தனித் திட்டம் எதுவும் இல்லை. பிரதேச செயலகத்தில் போய் அதற்கொரு படிவம் கேட்டால் கையை விரிப்பார்கள். ஆனால் பிள்ளைக்கு உரித்தானவை இருக்கின்றன; சுகாதாரம், கல்வி, பரீட்சை, சமூக சேவை என்று நாலு பக்கம் சிதறிக் கிடக்கின்றன. நாலுக்கும் திறப்பு ஒன்றுதான்: அரச வைத்தியசாலையின் கிளினிக் கொப்பி.

திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையில் மனநலப் பிரிவு உண்டு. மூதூர், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து ஆட்கள் முதலில் தங்கள் ஊர் ஆதார வைத்தியசாலையில் காட்டி, அங்கிருந்து கடிதத்துடன் வரலாம். வைத்தியரைப் பார்க்கக் காசில்லை. வைத்தியசாலையில் இருக்கும் மருந்துக்கும் காசில்லை. தனியாரில் காட்டுகிறவர்களும் அரச கிளினிக்கில் ஒரு பதிவு வைத்திருப்பது நல்லது. பின்னாளில் அறிக்கை கேட்கும் இடங்களில் அந்தப் பதிவுதான் கைகொடுக்கும்.

முதல் நாள் போகும்போது வகுப்பாசிரியரிடம் ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொண்டு போங்கள். காரணம் இருக்கிறது. ஏ.டி.எச்.டி. என்று தீர்மானிக்க, 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் மட்டுமல்லாமல் பள்ளிக்கூடம் போன்ற இன்னோர் இடத்திலும் அவை தெரிய வேண்டும். வகுப்பில் நடப்பதை வைத்தியர் நேரில் பார்ப்பதில்லை. தவிர, ஓ.சி.டி.யும் ஏ.டி.எச்.டி.யும் ஒன்றையொன்று மறைக்கும். ‘ழ’ வளையவில்லை என்று அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழியும்வரை நிற்கிற பிள்ளை, கரும்பலகையில் இருந்ததை எழுதி முடித்திருக்காது. ஆசிரியருக்கு அது கவனமின்மை. தண்ணீர்க் குழாயடியில் பத்து நிமிடம் கை கழுவிவிட்டு வந்தால் குழப்படி. “சோம்பேறி” என்று எழுதாமல் கண்ணால் கண்டதை அப்படியே எழுதித் தரச் சொல்லுங்கள்.

அடுத்தது எதிர்த் திசைக் கடிதம்: வைத்தியரிடமிருந்து அதிபருக்கு. நோயின் பெயரை ஊருக்குச் சொல்லப் பல பெற்றோருக்குத் தயக்கம். பெண்பிள்ளை என்றால் இன்னும் கூட. அப்படியானால் வகுப்பில் என்ன தேவை என்பதை மட்டும் எழுதித் தரும்படி கேட்டுப் பாருங்கள்: முன்வரிசை, குறைந்த எழுத்துவேலை, வெளியே போய்வர அனுமதி. கடிதத்தின் பிரதியில் பெற்றுக்கொண்ட திகதியும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள். அதிபர் மாறுவார், தாள் இருக்கும். பாடசாலை அசையாவிட்டால் உங்கள் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுதலாம்.

5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். “இந்தப் பிள்ளையை வேறெங்காவது சேருங்கோ” என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 1996 இன் 28 ஆம் இலக்க மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இயலாமையைக் காரணம் காட்டிக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுப்பதைத் தடுக்கிறது. மீறினால் மேல் நீதிமன்றத்துக்குப் போகலாம். எல்லா ஓ.சி.டி. பிள்ளையும் அந்தச் சட்டத்தின் வரைவிலக்கணத்துக்குள் வருமென்று சொல்ல முடியாது. நோயின் கடுமையைப் பொறுத்தது.

அடிக்கிற விடயத்தில் வரைவிலக்கணமே தேவையில்லை. கல்வி அமைச்சின் 2005/17 சுற்றறிக்கை பாடசாலைகளில் உடல் தண்டனையைத் தடை செய்கிறது. ஆசிரியரின் அடி சித்திரவதைக்கு எதிரான அடிப்படை உரிமையை மீறலாம் என்பதை 2021 இல் உச்ச நீதிமன்றமும் ஏற்றுத் தீர்ப்பளித்தது. அந்த வழக்குப் போடச் சம்பவத்திலிருந்து ஒரு மாதந்தான் அவகாசம். முறைப்பாட்டுக்குத் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929.

பரீட்சையில்தான் பலர் பிந்துகிறார்கள். விசேட தேவையுள்ள பரீட்சார்த்திகளுக்கு மேலதிக நேரம் போன்ற சலுகைகளைப் பரீட்சைத் திணைக்களம் வழங்குகிறது. வைத்திய அறிக்கையுடன், பாடசாலை ஊடாக, விண்ணப்ப காலத்திலேயே கேட்க வேண்டும். அனுமதி அட்டை வந்தபிறகு ஓடித் திரிவதில் பலனில்லை. சலுகை நிச்சயம் கிடைக்கும் என்றும் இல்லை. ஆனால் தரம் 5 புலமைப்பரிசிலுக்கு முன்பே தொடங்கிய கிளினிக் பதிவு, சாதாரண தரத்துக்கு முதல் மாதம் எடுத்த ஒற்றைக் கடிதத்தைவிட நம்பத்தக்கதாக இருக்கும்.

காசு உதவி? மாற்றுத்திறனாளிகளுக்கான மாதக் கொடுப்பனவு 2025 இல் 7,500 ரூபாயிலிருந்து 10,000 ஆக்கப்பட்டது. அது வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு. இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோர் அதற்குள் வருவது கடினம். வேறு இயலாமையும் சேர்ந்திருந்தால் கிராம உத்தியோகத்தரிடம் சொல்லி, பிரதேச செயலகச் சமூக சேவை உத்தியோகத்தரைப் பாருங்கள்.

கிளினிக் நாளுக்கு இடையில் பிள்ளையோ நீங்களோ தாங்க முடியாமல் போனால் 1926. தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், இரவிலும் எடுப்பார்கள்.