லாரி அழுத்திய தடத்தில் நிற்கும் தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகை மழையில் நான்கு வழிச்சாலையில் போகிறவர்கள் பார்த்திருப்பீர்கள். மழை விட்டு, சாலை காயத் தொடங்கிய பிறகும் லேனுக்குள் இரண்டு பட்டைகள் மட்டும் நீளமாகப் பளபளத்துக்கொண்டிருக்கும். சில இடங்களில் அது கிலோமீட்டர் கணக்கில் தொடரும். லோடு லாரிகளின் சக்கரங்கள் ஒரே பாதையில் ஓடி ஓடி அழுத்திய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் அது. எங்கள் அறிக்கைகளில் 'ரட்டிங்' என்று எழுதுவோம். சைட்டில் 'தடம் விழுந்திருக்கு' என்பார்கள்.

சாலைத் தரக்கட்டுப்பாடு என் வேலை. குண்டும் குழியும் பற்றிய புகாருக்குப் பஞ்சமே இல்லை. தடம் விழுந்ததைப் பற்றி வண்டி ஓட்டுகிறவர்கள் புகார் செய்து நான் பார்த்தது அபூர்வம். குழி வண்டியைத் தூக்கிப் போடும். இடுப்பு பிடிக்கும், வாயில் வந்தபடி திட்டுவோம். தடம் அப்படி எதுவும் செய்யாது. நெடுக ஒரே சீராகத் தாழ்ந்திருப்பதால் வண்டி குலுங்காமல் போகும். சாலையின் குலுக்கலை அளக்கும் கருவியும் சக்கரப் பாதை வழியாக நெடுக்கில்தான் ஓடுகிறது. அதுவும் 'நன்றாக இருக்கிறது' என்று மார்க் போட்டுவிடும். குறுக்கே அளந்தால்தான் குட்டு வெளிப்படும். மூன்று மீட்டர் நேர்ச்சட்டத்தைச் சாலைக்குக் குறுக்கே வைத்து, அடியில் தெரியும் இடைவெளியை அளந்து பார்ப்பது பழைய முறை. இப்போது தேசிய நெடுஞ்சாலைகளில் லேசர் பொருத்திய ஆய்வு வண்டிகள் ஓடிக்கொண்டே அளக்கின்றன.

எவ்வளவு ஆழம் போனால் ஆபத்து? நம் வடிவமைப்பு விதிநூலான ஐஆர்சி 37, தடத்தின் சராசரி ஆழம் 20 மில்லிமீட்டரைத் தொட்டால் சாலை தோற்றுவிட்டதாகக் கணக்கு வைக்கிறது. அது சாலையின் ஆயுளுக்கான கணக்கு. அதில் போகிறவரின் ஆயுளுக்குக் கணக்கு வேறு. மழைத்தண்ணீர் ஓரத்துக்கு ஓடுவதற்காகத் தார்ச்சாலைக்குப் பொதுவாக 2.5 சதவீதம் குறுக்குச் சரிவு கொடுக்கிறோம். தடத்தின் அகலம் ஒரு மீட்டர் என்று வைத்துக்கொண்டால், அதன் நடுவிலிருந்து கரை வரை அரை மீட்டர். அந்த அரை மீட்டருக்குள் சரிவு தருவது 12 மில்லிமீட்டர் சொச்சம்தான். தடம் அதைவிட ஆழமானால், அந்தச் சரிவு சரியாகவே இருந்தாலும் தண்ணீர் வெளியேற வழியில்லை. தடத்தின் வடிவத்தைப் பொறுத்து அதற்கு முன்பே தேங்கவும் தேங்கும். ஆக, புத்தகப்படி சாலை 'பாஸ்' ஆகும் நாளிலேயே அது மழையில் ஆபத்தான சாலையாகிவிடுகிறது.

வளைவுகள் தொடங்கும் இடம் இன்னும் மோசம். நேர்ச்சாலையில் இடப்பக்கம் சரிந்திருக்கும் சாலை, வலது வளைவுக்காக மறுபக்கம் சாயத் தொடங்கும்போது இடையில் ஒரு துண்டு தட்டையாகக் கடந்தே ஆக வேண்டும். அங்கே ஐந்தாறு மில்லிமீட்டர் தடமே போதும், தண்ணீர் நின்றுவிடும். மழை நேரத்தில் வளைவின் வாயிலில் கார் சுழன்று மீடியனில் மோதியது என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் வரும் சந்தேகம் இதுதான். செய்தியில் என்னவோ 'கட்டுப்பாட்டை இழந்த கார்' என்று மட்டும்தான் வரும்.

தடம் எப்படி விழுகிறது என்பதற்கு ஒரு பதில் இல்லை. முதலாவது, ரோலர் செய்யாத வேலையை லாரி செய்வது. தார்க்கலவை 100 டிகிரிக்குக் கீழே ஆறுவதற்குள் ரோலர் ஓட்டி இறுக்கி முடித்துவிட வேண்டும். கலவை தயாரிக்கும் பிளான்ட் தூரத்தில் இருந்து, டிப்பர் போக்குவரத்தில் மாட்டி, கலவை ஆறி வந்தால் எத்தனை முறை ரோலர் ஓடினாலும் இறுகாது. முதல் கோடையில் லாரிகள் அதை இறுக்கிக் கொடுக்கும், சக்கரம் போகும் இடத்தில் மட்டும். இரண்டாவது, அடியில் உள்ள மண்ணோ ஜல்லி அடுக்கோ அமுங்குவது. இப்படி விழுந்த தடம் அகலமாக, ஆழம் குறைவாக, கரை தெரியாமல் இருக்கும்.

மூன்றாவது வகைதான் நம் கனரகப் பாதைகளில் அதிகம் கண்ணில் படுவது. தார்க்கலவையே இடம்பெயர்ந்து பக்கவாட்டில் பிதுங்குகிறது. தடம் குறுகலாக, இரட்டைச் சக்கரத்தின் அச்சு பதிந்த மாதிரி இருக்கும். இரு கரையிலும் வரப்பு எழும்பியிருக்கும். லேன் கோடு நேராகப் போட்டது, பாம்பு போல நெளிந்திருந்தால் உறுதி செய்துகொள்ளலாம்.

இங்கே மக்களிடம் ஊறிப்போன ஒரு நம்பிக்கையை மறுக்க வேண்டியிருக்கிறது. சாலை கெட்டால் 'தாரைக் குறைச்சு அடிச்சிட்டான்' என்போம். குழிக்கு அது பல நேரம் உண்மை. தடத்துக்கு நேர் எதிர்: தார் கூடிப்போனாலும் தடம் விழும். கலவையை இறுக்கிய பிறகும் உள்ளே 3 முதல் 5 சதவீதம் காற்றிடம் இருக்கும்படிதான் வடிவமைக்கிறோம். கோடையில் தார் விரியும்போது போய் நிற்க அதற்கு இடம் வேண்டும். அந்த இடத்தையும் தார் அடைத்துவிட்டால் கல்லோடு கல் உரசி நிற்கும் பிடி போய், கலவை முழுக்கத் தாரில் மிதக்க ஆரம்பிக்கும். சித்திரை வெயிலில் சக்கரப் பாதை மட்டும் கன்னங்கரேலென்று மினுமினுத்தால் அது புதுச்சாலையின் அழகு அல்ல. தார் மேலே கசிகிறது என்று அர்த்தம்.

வெயிலும் வேகமும் இதில் கூட்டாளிகள். காற்று 40 டிகிரி இருக்கும் மதியத்தில் தார்ச்சாலையின் மேற்பரப்பு 60 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் தார் பாதி திடம், பாதி திரவம். ஆறிவரும் வெல்லப்பாகைச் சட்டென்று தட்டினால் கெட்டியாக நிற்கும், விரலை வைத்தபடி அழுத்தினால் மெல்ல உள்ளே இறங்குமே, அதே குணம். 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரியைவிட 20 கிலோமீட்டரில் ஊர்ந்து ஏறும் லாரி, ஒவ்வோர் அங்குலத்தையும் மூன்று மடங்கு நேரம் அழுத்துகிறது. சேலத்திலிருந்து தருமபுரி நோக்கித் தொப்பூர் கணவாயில் ஏறும் லோடு வண்டிகளை நினைத்துப் பாருங்கள். எண்ணூர் பக்கம் துறைமுகத்துக்காக வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் டிரெய்லர்களை நினைத்துப் பாருங்கள். ஏற்றம், சிக்னல், பேருந்து நிறுத்தம் என வண்டி மெதுவாகும் இடத்தில்தான் தடம் முதலில் விழும். சுங்கச்சாவடிக்குள் தாரை விட்டுவிட்டு கான்கிரீட் போடுவதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தக் கான்கிரீட் முடிந்து தார் தொடங்கும் இடத்தில் தடம் விழுந்திருக்கிறதா என்று அடுத்த முறை கவனியுங்கள்.

இனி எடை. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், ஒட்டாவா என்ற ஊருக்கு அருகே, சாலைகளைப் போட்டு அவற்றின் மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். உலகம் முழுக்கச் சாலைப் பொறியாளர்கள் இன்றும் கையாளும் கணக்கு அதிலிருந்து வந்தது: ஒரு ஆக்சில் (இருபக்கச் சக்கரங்களையும் தாங்கும் தண்டு) சுமக்கும் எடை இரண்டு மடங்கானால், சாலைக்கு வரும் சேதம் சுமார் பதினாறு மடங்காகும். எடையின் நான்காம் அடுக்கு, அதாவது இரண்டை நான்கு முறை பெருக்குவது. இந்தக் கணக்கில் ஒரு லோடு லாரியின் ஆக்சில் ஒருமுறை செய்வதை உங்கள் கார் செய்து முடிக்கப் பல ஆயிரம் முறை ஓட வேண்டும். சொந்தக் காரில் போகிறவர் சாலையைத் தேய்ப்பதே இல்லை என்று சொல்லிவிடலாம்.

2018 ஜூலையில் ஒன்றிய அரசு, நான்கு டயர் கொண்ட ஒற்றை ஆக்சிலுக்கான உச்சவரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. கேட்க 13 சதவீதம்தான். நான்காம் அடுக்கில் போட்டால் சேதம் 60 சதவீதம் கூடுகிறது. எல்லா ஆக்சிலும் பழைய வரம்பிலிருந்து புதிய வரம்புக்கு ஏறுவதாக வைத்தால், 20 ஆண்டு தாங்க வேண்டிய சாலை பன்னிரண்டரை ஆண்டில் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். வரம்பை மீறி 16 டன் ஏற்றினால், இன்றைய சட்டப்படியான ஆக்சிலைவிடக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு சேதம்.

கல்குவாரிச் சாலைகளில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரே ஒப்பந்தம், ஒரே கலவை, ஒரே வாரத்தில் போட்டது. ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றி வரும் பக்கம் தடம் விழுந்து கிடக்கும். காலியாகத் திரும்பும் பக்கம் புதுசாகவே இருக்கும். தரக்குறைவு என்று எங்களைத் திட்டுவதற்கு முன்னால் எதிர்ப்பக்கத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள் என்பது என் வேண்டுகோள். இரண்டு பக்கமும் கெட்டிருந்தால் தாராளமாகத் திட்டலாம்.

லாரி வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். எடைமேடைச் சீட்டில் மொத்த எடை சரியாக இருக்கும், ஆனால் ஒரு ஆக்சில் மட்டும் ஓவர்லோடில் இருக்கும். இரும்புச் சுருளோ கல்லோ பின்பக்கமாகத் தள்ளி வைக்கப்பட்டால் அப்படித்தான் ஆகும். லிஃப்ட் ஆக்சில் (காலியாகப் போகும்போது தூக்கி வைக்கக்கூடிய ஆக்சில்) உள்ள வண்டியில், டயர் தேய்மானத்தை மிச்சம் பிடிக்க லோடோடு ஆக்சிலைத் தூக்கிவைத்து ஓட்டினால், அதன் பங்கு எடை மற்ற ஆக்சில்கள் தலையில் விழும். 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-ஆம் பிரிவு, அதிகச் சுமைக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் விதிக்கிறது. ஓட்டுகிறவரை மட்டுமல்ல, ஓட்ட வைக்கிறவரையும் அனுமதிக்கிறவரையும் அது சேர்த்தே சொல்கிறது. நடைமுறையில் சாலையோரம் நிறுத்தப்பட்டு நிற்பவர் டிரைவர்தான். எத்தனை டன் ஏற்றுவது என்று முடிவு செய்தவர் குவாரியிலோ குடோனிலோ உட்கார்ந்திருப்பார்.

எந்த லேனில் தடம் இருக்கும் என்று கேட்டால், விதிப்படி இடது லேன் என்று சொல்ல வேண்டும். ஆனால் நம் ஊர் நான்கு வழிச்சாலையில் இடது ஓரம் பைக்குகளுக்கும், நிறுத்தி வைத்த வண்டிகளுக்கும், திடீரென்று நிற்கும் பேருந்துகளுக்கும் போய்விட்டதால், லாரிகள் மீடியனை ஒட்டியே ஓடுகின்றன. அதனால் வேகமாகப் போகிறவர்கள் நம்பி ஏறும் வலது லேனிலும் தடம் இருக்கிறது.

தண்ணீர் நிற்கும் தடத்தில் என்ன நடக்கிறது என்றால், டயரின் வரிப்பள்ளங்கள் வெளியேற்றக்கூடிய அளவைவிட அதிகத் தண்ணீர் முன்னால் வந்து சேரும்போது, டயர் சாலையைத் தொடாமல் தண்ணீரின் மேல் ஏறிவிடுகிறது. தேய்ந்த டயர், 80 கிலோமீட்டரை ஒட்டிய வேகம், தேங்கிய தண்ணீர் மூன்றும் சேர்ந்தால் போதும். ஸ்டியரிங் திடீரென்று லேசாகிவிடும். அந்த நொடியில் பிரேக்கை மிதிக்கக் கூடாது, ஸ்டியரிங்கைத் திருப்பக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தால் டயர் மறுபடி சாலையைப் பிடிக்கும். வேகத்தைத் தானாகவே ஒரே அளவில் வைத்திருக்கும் குரூஸ் கன்ட்ரோல் மழையில் வேண்டவே வேண்டாம்.

காரின் இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரம் லாரியைவிடக் குறைவு. அதனால் கார் இரண்டு தடத்திலும் ஒழுங்காக உட்காராது. ஒரு சக்கரம் தடத்துக்குள் இறங்கினால் மற்றது கரைச் சரிவில் நிற்கும், ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அலைன்மென்ட் பார்க்க மெக்கானிக்கிடம் போவதற்கு முன் வேறு சாலையில் ஓட்டிப் பாருங்கள். மழையில் லேனுக்குள்ளேயே சற்று நகர்ந்து, சக்கரங்கள் தடத்துக்கு வெளியே மேடான பகுதியில் ஓடும்படி வைத்துக்கொள்ளலாம். முன்னால் போகும் லாரி எங்கே தண்ணீரை வாரி அடிக்கிறதோ, அதுதான் தடம்.

பைக்கில் வருகிறவர்களுக்குத் தண்ணீரைவிட வரப்புதான் எமன். பிதுங்கிய கரையோடு சேர்ந்தாற்போல் ஓட்டினால் முன்சக்கரத்தை அது பிடித்துக்கொள்ளும். தடத்தைத் தாண்ட வேண்டுமென்றால் வேகத்தைக் குறைத்து, கொஞ்சம் கோணம் கொடுத்துச் சட்டென்று தாண்டுங்கள். வரப்பின் மேலேயே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். இரவில் இது கண்ணுக்கே தெரியாது.

சரிசெய்வது எப்படி? கலவைதான் பிதுங்கியது என்றால் மேலே இன்னொரு அடுக்கு தார் போடுவது பணத்தைக் கொட்டி மூடுவதுதான். பள்ளத்தில் புதுக்கலவை தடிமனாக விழும், இரண்டு மேட்டிலும் ரோலர் தாங்கி நின்றுவிடும், பள்ளத்துக் கலவை இறுகாது. அடுத்த கோடையில் அதே இடத்தில் தடம் திரும்பும். முதலில் சக்கரப் பாதையிலும், இரண்டு பாதைகளுக்கு நடுவிலும் சாலையை உருளையாக வெட்டி எடுத்து, எந்த அடுக்கு மெலிந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மேலடுக்குதான் குற்றவாளி என்றால் மில்லிங் எந்திரத்தால் அதைச் சுரண்டி அகற்றிவிட்டு, விஜி-40 மாதிரிக் கெட்டித்தாரிலோ பாலிமர் கலந்த தாரிலோ புதிதாகப் போட வேண்டும். அடிமண் என்றால் தோண்டத்தான் வேண்டும். லாரி நின்று நகரும் இடங்களில் கான்கிரீட் போடுவதே என் தேர்வு. மும்பை–புனே விரைவுச்சாலையைக் கான்கிரீட்டில் போட்டார்கள். அந்தப் பரப்பு லாரியின் கீழ் பிதுங்குவதில்லை. அதற்கு வெடிப்பு, இணைப்பு என்று வேறு தலைவலிகள் உண்டு, அது தனிக்கதை.

புகார் செய்வதானால், தேசிய நெடுஞ்சாலைக்கு 1033 என்ற எண் இருக்கிறது. 'ராஜ்மார்க் யாத்ரா' செயலியிலும் படத்தோடு அனுப்பலாம். 'சாலை மோசம்' என்று எழுதினால் குழி தேடி ஆள் வருவார், குழி இல்லை என்று முடித்துவிட்டுப் போவார். எந்தக் கிலோமீட்டர் கல்லிலிருந்து எது வரை, எந்தத் திசை, இடது லேனா வலது லேனா, மழை விட்டு எவ்வளவு நேரம் கழித்தும் சக்கரப் பாதையில் தண்ணீர் நிற்கிறது என்று எழுதுங்கள். படத்தை வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எடுக்கட்டும். நெடுஞ்சாலையில் இறங்கி நின்று எடுக்க வேண்டாம்.