ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: அப்பாவின் கணக்கை முதலில் காப்பாற்றுங்கள்

சோமனூரிலிருந்து ஒரு விசைத்தறிக்காரர் சென்ற மாதம் கணினியைச் சாக்கில் சுற்றி எங்கள் சர்வீஸ் கடைக்கு எடுத்துவந்தார். கல்லூரியில் படிக்கும் மகன் அதில் லினக்ஸ் வகை இயங்குதளமான உபுண்டுவை நிறுவியிருக்கிறான். விண்டோஸும் கூடவே இருக்கும் என்றுதான் நினைத்திருக்கிறான். ஆனால் 'டிஸ்க்கை அழித்துவிட்டு நிறுவு' என்ற வரியைத் தேர்ந்தெடுத்துவிட்டான்.

"பாவு வந்தது, துணி மீட்டர், கூலிப் பாக்கி, மூன்று வருஷக் கணக்கும் இதில்தான் சாமி இருந்தது" என்றார். பையன் வாசற்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை.

பழைய ஹார்டு டிஸ்க்காக இருந்தால் கொஞ்சமாவது தோண்டி எடுத்திருக்கலாம். இது சிப்பில் சேமிக்கும் எஸ்எஸ்டி. லினக்ஸ் ஃபார்மட் செய்யும்போதே 'இந்த இடமெல்லாம் காலி' என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லிவிடும், அதுவும் துடைத்துவிடும். இரண்டு நாள் முயன்றும் ஒரு கோப்புகூட மீளவில்லை.

பையனின் ஆசையில் தவறே இல்லை. டேலி கணக்கு மென்பொருளுக்கு விண்டோஸ், படிப்புக்கு லினக்ஸ் என்பது நல்ல ஏற்பாடு. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தபின் இதைக் கேட்டு வருகிறவர்களும் கூடியிருக்கிறார்கள். அதனால் "வா கண்ணு" என்று அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே கணினியில் மறுபடியும் தொடங்கினோம்.

முதலில் விண்டோஸ் 11, பிறகுதான் லினக்ஸ். உங்கள் கணினியில் ஏற்கெனவே கணக்கு இருந்தால் அதை வெளி டிஸ்க்கில் நகலெடுத்து, வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத நகலை நான் நகலாகவே எண்ணுவதில்லை. பார்த்ததும் அந்த டிஸ்க்கைக் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததும் பல விண்டோஸ் 11 கணினிகள் டிஸ்க்கைத் தாமாகவே பூட்டிக்கொள்கின்றன; வீட்டில் யாருக்கும் அது தெரிவதில்லை. கணினி தொடங்கும் (பூட்) அமைப்பை மாற்றியதும் நீலத்திரை 48 இலக்கச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவியைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு, குறியாக்கத்தை அணைத்து, அது முழுவதும் முடியும்வரை காத்திருங்கள்.

'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் அரைத்தூக்கத்திலேயே கிடக்கும். அந்த நேரத்தில் லினக்ஸ் வலிந்து அதன் டிஸ்க் பகுதியில் (பார்ட்டிஷன்) எழுதினால் கோப்புகள் கெடும். லினக்ஸுக்கான இடத்தை, விண்டோஸின் 'டிஸ்க் மேனேஜ்மென்ட்' வழியாகவே விண்டோஸின் பகுதியைக் குறைத்து எடுங்கள். மின்சாரம் போய்வரும் ஊர்களில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே வேண்டாம்.

நிறுவும் திரையில் 'விண்டோஸுடன் சேர்த்து நிறுவு' என்ற வரி வராவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். பையன் இந்த முறை அந்த வரியை மூன்று தடவை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் அழுத்தினான்.

மறுநாள் தந்தை அழைத்தார். விண்டோஸில் கடிகாரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கிக் காட்டுகிறதாம். லினக்ஸ் கணினியின் கடிகாரத்தில் உலகப் பொதுநேரத்தை வைக்கும். விண்டோஸ் அதையே நம் நேரம் என்று எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் ஒரே ஒரு கட்டளையில் சரியாகிவிடும். அதைப் பையனே செய்தான். காகிதச் சீட்டுகளைப் பார்த்துக் கூலிக் கணக்கைத் திரும்ப ஏற்றுகிறவனும் அவன்தான்.