தூதரகம் வேறு, தூதுறவு வேறு

"அமெரிக்கா 1972 ஏப்ரல் 4 அன்று வங்கதேசத்துடன் தூதரக உறவை ஏற்படுத்தியது." சேலத்தில் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களிடம் புழங்கும் நகல் குறிப்புகளில் இந்த வகை வரிக்குப் பஞ்சமே இல்லை. தேதி சரி, செய்தி தப்பு. அன்று வாஷிங்டன் செய்தது வங்கதேசத்தைத் தனிநாடாக ஏற்றது மட்டும்தான். உறவு ஏற்பட்டதும், டாக்காவில் இருந்த துணைத் தூதரகம் (கான்சலேட்) தூதரகமாக உயர்ந்ததும் மே 18 அன்று. இடையில் ஆறு வாரம் இருக்கிறது. அந்த ஆறு வாரத்தை விழுங்கியதில் "தூதரக உறவு" என்ற சொல்லுக்கும் பங்கு உண்டு. அதற்குப் பதில் "தூதுறவு" என்று எழுதலாம் என்பதே என் கட்சி.

"டிப்ளமசி" என்ற மூலச்சொல்லின் கதை சிறியது. கிரேக்கத்தில் டிப்ளோமா என்றால் இரண்டாக மடித்த ஏடு. அரசு கொடுக்கும் பத்திரத்துக்குப் பெயராகி, பிரெஞ்சு வழியாக அரசுகளுக்கு இடையிலான விவகாரத்தைக் குறிக்க வந்தது. நம் பக்கம் அதற்கு முதலில் கிடைத்தது "ராஜதந்திரம்". வடமொழியில் தந்திரம் என்றால் முறைமை, நூல் என்றெல்லாம் பொருள் உண்டு. திருமந்திரத்தின் ஒன்பது பகுதிகளுக்கும் தந்திரம் என்றே பெயர். ஆனால் இன்று தந்திரம் என்றதும் தமிழன் காதில் விழுவது நரித்தந்திரம்தான். "இரு நாடுகளும் ராஜதந்திர உறவைத் தொடங்கின" என்று படிப்பவர், யாரோ யாரையோ ஏமாற்றக் கூட்டுச் சேர்ந்ததாக நினைத்தால் குற்றம் அவர் மேல் இல்லை. இலங்கைத் தமிழ் ஏடுகள் இன்னும் அதை விடவில்லை. நம் வானொலிக்காரர்களின் "ராஜீய உறவு" இன்னும் மோசம். அது எந்த மொழி என்றே தெரியவில்லை.

இந்த இரண்டையும் விரட்டிய பெருமை "தூதரக உறவு"க்கு உண்டு. ஆனால் அது உறவைக் கொண்டுபோய்க் கட்டடத்துக்குள் அடைத்துவிட்டது. தூதரகம் என்பது தூதர் இருந்து வேலை பார்க்கும் அகம். நாடுகளுக்கு இடையிலான இந்த உறவு பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 2-ஆம் விதி, உறவு ஏற்படுத்துவதையும் நிலையான அலுவலகம் அமைப்பதையும் தனித்தனியாகச் சொல்கிறது. இரண்டும் இரு தரப்பின் சம்மதத்தோடு நடக்க வேண்டும். நவூரு 1968-இலும் துவாலு 1978-இலும் விடுதலை பெற்றன. அமெரிக்காவுக்கு இரண்டோடும் உறவு உண்டு. ஆனால் ஃபிஜியின் சுவா நகரில் இருக்கும் அமெரிக்கத் தூதரே இவற்றையும் சேர்த்துக் கவனிக்கிறார். தூதரகமே இல்லாத ஊரில் என்ன "தூதரக உறவு"? இதற்கு நேர் எதிர் அல்ஜீரியா. 1962-இல் விடுதலை பெற்ற அந்நாடு 1967 அரபு-இஸ்ரேல் போரின்போது அமெரிக்காவுடன் உறவை முறித்தது. 1974 வரை உறவு கிடையாது. ஆனால் சுவிஸ் தூதரகத்தின் பெயரில் ஒரு பிரிவு அமைத்து அமெரிக்க அதிகாரிகள் அங்கே வேலை பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

புதிய நாடு ஒன்று பிறந்தால் நடப்பதன் வரிசையைப் பார்த்தாலே சொல் எங்கே இடறுகிறது என்று தெரியும். முதலில் ஏற்பு: இதை ஒரு தரப்பு தனியாகவே செய்யலாம், எதிர்த்தரப்பின் கையெழுத்து தேவையில்லை. அடுத்து உறவு: இதற்கு இரு தரப்பும் சம்மதிக்க வேண்டும். பிறகு தூதராக அனுப்பப்போகிறவர் பெயரைச் சொல்லி முன்கூட்டியே இசைவு கேட்பார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டியதில்லை. இசைவு வந்தபின் அவர் போய் நாட்டுத் தலைவரிடம் நியமனப் பத்திரம் கொடுப்பார். அதுவரை பொறுப்புத் தூதர் ஒருவர் வெளியுறவு அமைச்சர் மட்டத்தில் வேலை பார்ப்பார். தெற்கு சூடானில் 2011 ஜூலை 9 அன்று அமெரிக்காவின் ஏற்பும் தூதரகமும் ஒரே நாளில் வந்துவிட்டன. அதைப் பார்த்து எல்லா நாட்டுக்கும் அப்படித்தான் என்று நம் செய்தியாளர்கள் எழுதப் பழகிவிட்டார்கள். சோவியத் ஒன்றியம் இந்தியாவோடு உறவை அறிவித்தது 1947 ஏப்ரலில், விடுதலைக்கு நான்கு மாதம் முன்பே. வரிசைகூடச் சில நேரம் புரளும்.

ஆகவே "தூதுறவு" போதும். தூது என்ற செயல் மேல் நிற்கும் சொல் அது. குறளில் 69-ஆம் அதிகாரத்தின் பெயரே தூது. அங்கே தூதனுக்கு "வினையுரைப்பான்" என்றும் ஒரு பெயர் உண்டு. அதியமானுக்காக ஔவை தொண்டைமானிடம் போனதும் தூதுதான். அந்த அதியமானின் தகடூர், அதாவது தருமபுரி, 1965 வரை நம் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தது என்பதை இங்கே பெருமைக்காகச் சொல்லிவைக்கலாம். புதுச்சொல் யாருக்கும் புரியாது என்பார்கள். "தூதுறவு முறிந்தது, தூதரகம் மூடப்பட்டது" என்று இரண்டையும் பக்கத்தில் வைத்து எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். "தூதரக உறவு முறிந்தது" என்றால் கட்டடத்தைப் பூட்டினார்களா, தூதரை அழைத்துக்கொண்டார்களா, உறவையே அறுத்தார்களா என்று யார் சொல்வது?

மொழிபெயர்ப்பாளர்கள் இதோடு நிற்பதில்லை. தூதர் கொடுக்கும் நியமனப் பத்திரத்தை "நற்சான்றிதழ்" என்கிறார்கள். பள்ளியை விட்டுப் போகும்போது தலைமையாசிரியர் கொடுக்கும் நன்னடத்தைச் சான்றை எடுத்துக்கொண்டு குடியரசுத் தலைவர் மாளிகைக்குப் போவதுபோல் இருக்கிறது. விசா முகவர்களின் பலகைகளில் "சென்னை அமெரிக்கத் தூதரகம்". தூதரகம் இருப்பது டெல்லியில். சென்னை அண்ணா சாலையில் இருப்பது துணைத் தூதரகம். இது வெறும் பெயர்த் தகராறு இல்லை. தூதுறவு முறிந்ததாலேயே துணைத் தூதரக உறவும் முறிந்துவிடாது என்று, துணைத் தூதரகங்களுக்கான 1963 வியன்னா உடன்படிக்கை தனியாக எழுதிவைத்திருக்கிறது. முன்னதை "தூதரக உறவு" என்று எழுதுகிறவர் இந்த வரியைத் தமிழில் எப்படி எழுதுவார் என்று பார்க்க ஆசை.